இராமநாதபுரக் கடற்கரையில் இடர்காப்பும் திருச்சபையின் கூட்டுப்பணியும்

1964-ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 22-ஆம் நாள் நள்ளிரவை ஒட்டிப் பாம்பனிலிருந்து புறப்பட்ட பயணிகள் இரயில் தனுஷ்கோடி நிலையத்தைச் சென்றடையவில்லை. ஊருக்குச் சற்றுத் தொலைவிலேயே கடல் அதனை விழுங்கிற்று. அதிலிருந்த நூற்றுக்கும் மேற்பட்டோரில் எவரும் பிழைக்கவில்லை. அவ்விரவில் இரயில் நிலையம், சுங்கச்சாவடி, அஞ்சலகம், மருத்துவமனை, ஆலயம், மீனவர் குடிசைகள் என ஓர் ஊரே இல்லாமற் போயிற்று. இந்தியாவிலும் இலங்கையிலுமாக 1,800 பேருக்குக் குறையாமல் மாண்டனர் என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. பாம்பன் பாலத்தின் 126 கர்டர்களை அலைகள் அடித்துச் சென்றன. பொறியாளர் இ. ஸ்ரீதரன் தலைமையில் 46 நாட்களில் அப்பாலம் செப்பனிடப்பட்டது. தனுஷ்கோடி ஊரோ வாழத் தகுதியற்ற இடம் என அரசால் அறிவிக்கப்பட்டு, இன்றுவரை இடிந்த சுவர்களாகவே நிற்கிறது.

இவ்வரலாற்றில் ஒரு செய்தியை நாம் போதுமான அளவு கவனிப்பதில்லை. அப்புயல் திடீரென்று வந்ததன்று. டிசம்பர் 17-ஆம் நாள் தெற்கு அந்தமான் கடலில் உருவான தாழ்வு நிலை புயலாக வளர்ந்து, இலங்கையில் வவுனியா வழியாகக் கடந்து, ஐந்து நாட்கள் நடந்து நம் கரையை அடைந்தது. இன்றுள்ளது போன்ற செயற்கைக்கோள் வசதிகள் அன்று இல்லை; ஆதலால் அன்றைய மக்கள்மீது குறை கூறுதல் முறையாகாது. இன்றைய நிலை வேறு. புயலின் போக்கு சில நாட்களுக்கு முன்னரே தெரிந்துவிடுகிறது. ஆழிப்பேரலைக்கென ஐதராபாத்திலுள்ள கடல்சார் தகவல் மையத்தில் 2007-ஆம் ஆண்டு முதல் எச்சரிக்கை நிலையம் இயங்குகிறது. எனினும் அலுவலகத்தில் தெரிந்த செய்தி கரையோரக் குடிசையில் உள்ள பாட்டியின் செவியை அடைவதற்கும், அடைந்தபின் அவர் எழுந்து நடப்பதற்கும் இடையில் நீண்ட வழி உண்டு. அவ்வழியை எந்த அரசும் தனியாக நடந்து முடிக்க இயலாது. ஊரிலுள்ள அமைப்புகள் கைகோத்தாலன்றி அது நிறைவேறாது. இக்கைகோத்தலில் நம் திருச்சபையின் இடம் யாது என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதலில் கடற்கரையின் இயல்பை அறிதல் வேண்டும். இராமேசுவரம் தீவுக்கு வடக்கே பாக்கு நீரிணை, தெற்கே மன்னார் வளைகுடா. நீரிணை ஆழம் குறைந்த கடல். ஆழமற்ற கடலில் காற்று நீரைத் தள்ளும்போது, அந்நீர் கீழே இறங்கிப் பரவ இடமின்றிக் கரையேறுகிறது. மேற்கு நோக்கி வரும் புயலின் மையம் தீவுக்கு நேராக வருமாயின், முதலில் வடக்கிலிருந்து காற்று வீசும்; வடகரை ஊர்கள் அல்லற்படும். மையம் தலைக்கு மேல் நிற்கும் வேளையில் காற்று முற்றிலும் ஓய்ந்துவிடும். 'புயல் போய்விட்டது' என்று மக்கள் வீடு திரும்பும் நேரம் அதுவே. சற்றுப் பொறுத்து எதிர்த்திசையிலிருந்து காற்று எழும்பித் தென்கரையைத் தாக்கும். இந்த ஓர் உண்மையை ஞாயிறு அறிவிப்பு வேளையில் ஐந்து நிமிடங்கள் விளக்கினாலே சில உயிர்கள் காக்கப்படும்.

புயல் வலுவிழந்தாலும் துன்பம் நீங்கிவிடாது. 1978 நவம்பரில் மட்டக்களப்பைச் சூறையாடிய புயல் அடுத்த நாள் இராமநாதபுரக் கரையைக் கடந்தது. 2020 டிசம்பரில் திருகோணமலை அருகே கரைகடந்த 'புரெவி' மன்னார் வளைகுடாவில் புகுந்து, நம் கரையருகே ஏறத்தாழ நின்ற இடத்திலேயே நின்று மழை பொழிந்தது. 2024 நவம்பர் 20-ஆம் நாள் புயலே இல்லாமல் இராமேசுவரத்தில் ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கும் மிகுதியாக மழை கொட்டியது. கடலால் வரும் இடர் ஒன்று, வானத்தால் வரும் இடர் மற்றொன்று. இரண்டுக்கும் தயாரிப்பு வேண்டும்.

ஊர் அமைப்புகள் யாவை? வெளியிலிருந்து செல்வோர் தொண்டு நிறுவனங்களையே எண்ணுகின்றனர். கரையில் உண்மையாகவே ஆட்களைத் திரட்டவல்லவை வேறு. மீனவர் ஊர்க்கமிட்டி, விசைப்படகுச் சங்கங்கள், நாட்டுப்படகுச் சங்கங்கள், மீனவர் கூட்டுறவுச் சங்கம், கீழக்கரை போன்ற ஊர்களில் ஜமாஅத், கத்தோலிக்க ஊர்களில் பங்குப் பேரவை, பாசி சேகரிக்கும் பெண்களின் குழுக்கள், மகளிர் சுயஉதவிக் குழுக்கள் என்பனவே அவை. வானிலை மோசமாயிருக்கையில் மீன்வளத்துறை விசைப்படகுகளுக்கு அனுமதி டோக்கன் வழங்குவதில்லை. எனவே எச்சரிக்கை அவர்களை ஒருவாறு எட்டிவிடுகிறது. சிறு வத்தைகளிலும் வல்லங்களிலும் போவோருக்கும், தீவுகளைச் சுற்றி முழங்காலளவு நீரில் பாசி எடுக்கும் பெண்களுக்கும் செய்தி சொல்வது யார்? ஊர்க்கமிட்டியும் பெண்கள் குழுவுமே. பாம்பனில் 2016 முதல் 90.4 அலைவரிசையில் ஒலிபரப்பிவரும் 'கடல் ஓசை' சமுதாய வானொலி மீனவரின் பேச்சுமொழியிலேயே கடல்நிலையைச் சொல்லி வருவது இவ்வகையில் பெருந்துணை.

இப்பட்டியலில் நமது சீர்திருத்தத் திருச்சபையின் பெயர் எங்கும் முன்னணியில் இல்லை என்பதை வாசகர் கவனித்திருப்பர். மதுரை–இராமநாதபுரத் திருமண்டலத்தின் பெயரிலேயே இம்மாவட்டம் இருப்பினும், கரையோர மீனவ ஊர்களில் நாம் சிறுபான்மையருள் சிறுபான்மையர். கத்தோலிக்கரும் இசுலாமியரும் இந்துக்களுமே அங்கு மிகுதி. நாம் தலைமையேற்று நடத்தும் பணியாக இதனைக் கருதினால் முதலடியிலேயே தவறிவிடுவோம். பிறர் தலைமையின்கீழ் பணிபுரியக் கற்றுக்கொள்ளும் அருட்பணியே இங்கு நமக்கு வாய்த்துள்ளது. நம்மில் பலருக்கு அது கசப்பான பாடம். எனக்கும் அவ்வாறே இருந்தது.

அப்போஸ்தலர் நடபடிகள் 11-ஆம் அதிகாரத்தின் இறுதிப் பகுதியை இந்நோக்கில் மீண்டும் வாசிக்க வேண்டுகிறேன். வரப்போகும் பஞ்சத்தை அகபு முன்னறிவிக்கிறார். அந்தியோகியாவின் சீடர்கள் பஞ்சம் வந்து பிணங்கள் விழும் வரை காத்திராமல், முன்னறிவிப்பைக் கேட்டவுடனேயே அவரவர் ஆற்றலுக்கேற்பப் பங்கிட்டுச் சேர்க்கின்றனர். இது முதற்செய்தி. உதவி எவரிடம் ஒப்படைக்கப்படுகிறது என்பது இரண்டாவது செய்தி. பர்னபாவும் சவுலும் யூதேயாவின் வீடுகளுக்குத் தாமே சென்று பங்கிட்டனர் என்று லூக்கா எழுதவில்லை. அவ்வூர் மூப்பரிடம் கொடுத்தனர் என்றே எழுதுகிறார். யாருக்குப் பசி மிகுதி, எந்த வீட்டில் நோயாளி என்பதை அறிந்தவர் அவ்வூரார். பணம் கொடுத்தவர் அந்தியோகியாவார் ஆயினும், தீர்மானிக்கும் உரிமை எருசலேமுக்கே சென்றது. நம் காலத்துத் துயர்துடைப்புப் பணிகளில் இவ்வொழுங்கு எத்துணை அரிதாகிவிட்டது!

2004 டிசம்பர் 26-ஆம் நாள் ஆழிப்பேரலையின்போது இலங்கைத் தீவின் மறைவினால் இராமநாதபுரம் பெரும் உயிர்ச்சேதமின்றித் தப்பியது. நாகப்பட்டினம் மாவட்டமோ ஆறாயிரத்துக்கும் மேற்பட்டோரை இழந்தது. அடுத்த சில நாட்களில் அங்கு வந்து குவிந்த தொண்டு நிறுவனங்கள் பல நூறு. சாலையோர ஊருக்குப் பத்து லாரிகள், உட்பட்ட ஊருக்கு ஒன்றுமில்லை என்னும் நிலை. அன்று நான் உள்நாட்டு ஊர் ஒன்றில் இளம் ஆயன். எங்கள் சபையாரும் இரண்டு நாட்களில் ஒரு லாரி நிறையப் பழந்துணிகளைச் சேர்த்துக் கடற்கரைக்கு அனுப்பினோம். புறப்படுமுன் லாரியைச் சுற்றி நின்று ஜெபித்தோம். அங்குள்ள எவரையும் என்ன தேவை என்று கேட்கவில்லை. லாரி சென்றடைந்தபோது சாலையின் இருமருங்கும் துணிக்குவியல்கள் ஏற்கெனவே மழையில் நனைந்து கிடந்தன. வீட்டையும் பிள்ளையையும் இழந்து நின்ற மீனவப் பெண் ஒருவர் எங்கள் இளைஞரிடம், 'நாங்கள் பிச்சைக்காரர் அல்லர் தம்பி, இதைக் கொண்டுபோய்விடுங்கள்' என்றார். திரும்பி வந்த இளைஞர் இதைச் சபையில் சொல்ல வேண்டாமென்று என்னிடம் கேட்டுக்கொண்டார். நானும் சொல்லவில்லை. அடுத்த ஞாயிறு நன்றிப் படைப்பு ஏறெடுத்தோம். அதை இப்போது எழுதுகையிலும் நாணமாகவே உள்ளது.

அதே நாட்களில் நாகப்பட்டினத்தில் வேறொரு பணியும் நடந்தது. தென்னிந்திய மீனவர் சங்கங்களின் கூட்டமைப்பும், மீனவப் பெண்களிடையே முன்னரே பணியாற்றி வந்த 'சினேகா' நிறுவனமும், மாவட்ட ஆட்சியரகத்தின் ஆதரவோடு தொண்டு நிறுவனங்களுக்கென ஓர் ஒருங்கிணைப்பு மையத்தைத் தொடங்கின. அம்மையம் அரிசி வழங்கவில்லை, துணி வழங்கவில்லை. எந்த ஊரில் எத்தனை குடும்பங்கள், யார் யார் அங்கு என்ன செய்கிறார்கள், எது விடுபட்டுள்ளது என்னும் தகவலைத் திரட்டி, நாள்தோறும் கூட்டம் கூட்டி, அனைவருக்கும் அறிவித்தது. அரசின் ஆணைகளை மக்களுக்கும், மக்களின் முறையீடுகளை அரசுக்கும் கொண்டுசென்றது. கண்ணுக்குப் புலப்படாத இப்பணியே மற்றெல்லாப் பணிகளையும் ஒழுங்குபடுத்திற்று. கல்வெட்டில் பெயர் பொறிக்க இடமில்லாத பணி இது. நம் நிறுவனங்கள் பலவற்றுக்கு இதில் ஆர்வம் எழாததன் காரணம் அதுவே என ஐயுறுகிறேன். ஒருங்கிணைப்பு இருந்தும் தவறுகள் நேரவே செய்தன. தார்த்தகடு வேய்ந்த தற்காலிகக் குடில்கள் வெயிலில் அடுப்பாகக் கொதித்தன. படகு கொடுப்பதே எளிதில் காட்டத்தக்க பணியாதலால், தேவைக்கு மேற்பட்ட நாரிழைப் படகுகள் கரைகளில் சேர்ந்தன.

உள்ளூர் அமைப்பு என்பதனாலேயே அது நீதியானது என்று எண்ணிவிடலாகாது. மேற்கண்ட மாவட்டங்களில் மீனவப் பஞ்சாயத்துகள் வழியாக உதவி சென்றபோது, பஞ்சாயத்தின் பட்டியலில் இடம்பெறாத தலித் மக்களும், இருளரும், கரையோர வயல்களில் கூலி வேலை செய்தோரும் விடுபட்டதாகப் பல ஆய்வாளர் எழுதியுள்ளனர். படகு இழந்தவனுக்குப் படகு கிடைத்தது; படகில் கூலிக்குச் சென்றவனுக்கு என்ன கிடைத்தது? ஆண்களே அமர்ந்திருக்கும் ஊர்க்கூட்டத்தில் கைம்பெண்ணின் பெயரை உரைப்பவர் யார்? கூட்டுப்பணியில் திருச்சபைக்கென ஒரு தனிப்பங்கு உண்டாயின் அது இங்கேதான் என்பது என் துணிபு. பட்டியலை நாம் தயாரிக்க வேண்டுவதில்லை. தயாரித்தோரிடம் பணிவோடும் விடாப்பிடியாகவும், 'இதில் இல்லாதவர் யார்?' என்று வினவ வேண்டும். நம் கரையில் அவ்வினாவுக்கு விடைகள் உண்டு. மண்டபத்திலுள்ள இலங்கைத் தமிழர் முகாம் மக்கள் ஊர்க்கமிட்டி எதிலும் இல்லை. இராமேசுவரத்தின் விடுதிகளில் தங்கும் வடநாட்டு யாத்திரிகர் தமிழ் அறிவிப்பை விளங்கிக்கொள்ளார். மழைக்காலமாகிய கார்த்திகை மார்கழியிலேயே ஐயப்ப பக்தர் கூட்டம் கூட்டமாக வருகின்றனர். அவர்களுக்கு இந்தியிலும் தெலுங்கிலும் செய்தி சொல்ல விடுதிப் பணியாளரைப் பழக்குவதற்குப் பெருஞ்செலவு ஒன்றுமில்லை.

மதமாற்ற ஐயத்தைப் பற்றியும் வெளிப்படையாகப் பேச வேண்டும். 1876–78 தாது வருடப் பஞ்சத்தின்போது தென்மாவட்டங்களில் மிஷன்களின் துயர்துடைப்பைத் தொடர்ந்து பல்லாயிரவர் சபைகளில் சேர்ந்தனர். அவர்களுள் பலருடைய வழிமரபினரே இன்று நம் ஆலயங்களில் அமர்ந்திருக்கின்றனர். எனவே அவ்வரலாற்றை இகழ்வதற்கில்லை. பசித்தவன் தனக்கு உணவளித்தவரின் கடவுளை அறிய விரும்புவது இயல்பே. ஆயினும் அன்றுமுதல் நம் கையிலுள்ள சோற்றுப் பருக்கையைப் பிறர் ஐயத்தோடு பார்க்கின்றனர் என்பதும் உண்மை. உதவியை எந்தச் சமயக் கொள்கையையும் பரப்பப் பயன்படுத்தலாகாது என்று செஞ்சிலுவை இயக்கமும் பிற துயர்துடைப்பு நிறுவனங்களும் 1994-இல் வகுத்த நடத்தை விதிகளைத் திருச்சபைசார் நிறுவனங்கள் பலவும் ஏற்றுள்ளன. இதனைச் சட்டத்துக்கு அஞ்சிய இணக்கமாகக் கொள்ளாமல், நற்செய்தியின் பண்பாகவே கொள்ளலாம். நல்ல சமாரியன் அடிபட்டவனின் சமயத்தை வினவவில்லை. தன் சமயத்தையும் அறிவிக்கவில்லை. சத்திரக்காரனிடம் பணத்தை மட்டும் ஒப்படைத்துச் சென்றான். சத்திரக்காரன் உள்ளூர்க்காரன் என்பதையும் குறித்துக்கொள்க.

புயலுக்குப்பின் பிரசங்கபீடங்களில் எழும் இன்னொரு குரலும் கூட்டுப்பணியைக் கெடுக்கிறது. மாண்டோரின் பாவமே காரணம் என்னும் விளக்கம் அது. சீலோவாம் கோபுரம் விழுந்து மாண்ட பதினெட்டுப் பேரைப் பற்றி நம் ஆண்டவர் சொன்னதை வாசித்த பின்னும் ஓர் ஆயர் அவ்வாறு பேசத் துணிவது எனக்கு வியப்பே. இழப்புற்ற ஊர்க்கமிட்டித் தலைவர் அடுத்த முறை நம் கூட்டத்துக்கு வருவாரா?

இனி, செய்யத்தக்கவை சில. பேரிடருக்கென்றே ஏற்படுத்தப்படும் கருவி பேரிடரன்று பழுதாகியிருக்கும். நாள்தோறும் பயன்படும் கருவியே அன்று கைகொடுக்கும். புதுச்சேரியைச் சேர்ந்த நல்லவாடு என்னும் மீனவ ஊரில் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தின் துணையோடு ஓர் அறிவு மையம் இயங்கி வந்தது. மீன் விலையும் கடல்நிலையும் அன்றாடம் அறிவிக்க ஒலிபெருக்கி வைத்திருந்தனர். 2004 டிசம்பர் 26 காலையில் சிங்கப்பூரிலிருந்த அவ்வூர் இளைஞர் ஒருவர் தொலைக்காட்சியில் செய்தி கண்டு தொலைபேசியில் எச்சரித்தார். மையத்தின் ஒலிபெருக்கி முழங்கிற்று. மூவாயிரத்துக்கும் மேற்பட்ட மக்கள் கரையை விட்டு அகன்று உயிர் பிழைத்தனர். அவ்வொலிபெருக்கியின் குரலை அவர்கள் நாள்தோறும் கேட்டுப் பழகியிருந்தமையால் நம்பினர். நம் ஆலய மணியும் அத்தகையதே. பள்ளிவாசலின் ஒலிபெருக்கியும், கோயில் மணியும், கத்தோலிக்க ஆலய மணியும் அவ்வாறே. எந்த ஒலி எதற்கு அடையாளம் என்பதை நால்வரும் ஒருமுறை கூடிப் பேசித் தீர்மானித்தல் வேண்டும்.

வங்கதேசம் இதனை நாடு தழுவிய முறையாகவே அமைத்தது. 1970 நவம்பர்ப் புயலில் மூன்று இலட்சத்துக்குக் குறையாத மக்களை இழந்த அப்பகுதியில் செம்பிறைச் சங்கமும் அரசும் இணைந்து 1972 முதல் ஊர்தோறும் தொண்டர்களைப் பழக்கின. இன்று அத்தொண்டர்கள் எழுபதாயிரத்துக்கும் மேற்பட்டோர்; ஏறத்தாழப் பாதிப்பேர் பெண்கள். பெண் தொண்டர் அழைத்தால் வீட்டுப் பெண்கள் துணிந்து வெளியேறுகின்றனர். நம் நாட்டிலும் 1977 நவம்பரில் திவிசீமையைப் புயல் அழித்தபின், திருச்சபைகளின் கூட்டுத் துயர்துடைப்பு நிறுவனமாகிய 'காசா' ஆந்திரக் கடற்கரையில் புயல் காப்பகங்கள் பலவற்றைக் கட்டியது. அவை மற்ற நாட்களில் பள்ளியாகவும் கூட்ட மண்டபமாகவும் பயன்பட்டன.

நம் பள்ளிகளும் அவ்வாறே காப்பகங்களாக அறிவிக்கப்படுகின்றன. ஆனால் சாவி தலைமையாசிரியரிடம், தலைமையாசிரியர் நகரத்தில். கழிப்பறை மாணவர் அளவுக்கு மட்டுமே. முதியவர் ஏறப் படிக்கட்டு உயரம். கிணற்றில் கடல்நீர் கலந்துவிட்டால் குடிநீருக்கு வழியில்லை. தீவுக்கு வெளியிலிருந்து வரும் குழாய் நீரோ மின்சாரம் நின்றால் நின்றுவிடும். இவையெல்லாம் சிறு காரியங்களே. திருமண்டலக் கூட்ட நிகழ்ச்சிநிரலில் இடம்பெறாதவை. 2005-ஆம் ஆண்டுப் பேரிடர் மேலாண்மைச் சட்டத்தின்படி மாவட்ட ஆட்சியர் தலைமையில் அமைந்த ஆணையம் ஊரளவில் தொண்டர்களைப் பழக்குகிறது. அப்பயிற்சிக்கு நம் வாலிபர் சங்கத்தினரையும் பெண்கள் ஐக்கிய சங்கத்தினரையும் அனுப்புவதற்கு, வட்டாட்சியர் அலுவலகத்துக்கு ஆயர் ஒருமுறை நேரில் செல்வது போதும்.

பணத்தைப் பற்றி ஒரு சொல். கூட்டுப்பணிகள் முறிவது பெரும்பாலும் கோட்பாட்டினாலன்று, கணக்கினால். பவுல் எருசலேமுக்கெனச் சேர்த்த காணிக்கையைத் தாமே தனியாகச் சுமந்து செல்ல மறுத்து, சபைகள் தெரிந்தெடுத்த தூதரை உடனழைத்தார் என்பதை 2 கொரிந்தியர் 8-ஆம் அதிகாரம் காட்டுகிறது. தம் நேர்மையில் அவருக்கு ஐயமிருந்ததனாலன்று. பிறர் குறைகூற இடமிருக்கலாகாது என்பதனாலேயே. ஊர்க்கமிட்டியார், ஜமாஅத்தார், நம் சபையார் மூவரும் கையொப்பமிட்ட வரவு செலவுத் தாளை ஊர்ச் சாவடியில் ஒட்டிவைத்தால் பாதிப் பூசல் ஒழியும்.

இறையியல் மாணவருக்குக் களப்பயிற்சியாக ஒன்றை முன்மொழிகிறேன். வடகிழக்குப் பருவமழைக்கு முன், ஆகஸ்டு செப்டம்பர்த் திங்களில், இருவர் இருவராகக் கரையோர ஊர்களில் பத்து நாட்கள் தங்குக. பிரசங்கிக்க வேண்டாம். பெரியவர்களிடம் 1964-ஐயும் 1978-ஐயும் கேட்டு, நீர் எதுவரை ஏறியது என்பதை ஊர்ப்படத்தில் குறிக்க. எழுந்து நடக்க இயலாதவர், கருவுற்ற பெண்கள், தனித்து வாழும் முதியோர் வீடுகளை அவ்வீட்டாரின் இசைவோடு அடையாளமிடுக. இரவில் அவர்களைத் தூக்கிச் செல்ல இருவரின் பெயரை ஒவ்வொரு வீட்டுக்கும் எதிரே எழுதுக. படத்தின் ஒரு படி ஊர்க்கமிட்டியிடமும், ஒரு படி ஊராட்சியிடமும் இருக்கட்டும். கல்லூரிக்குக் கொண்டுவர வேண்டாம். பாம்பன் துறைமுகத்தில் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றப்பட்ட செய்தி வந்தவுடன் ஆலய மணியை அடிக்க வேண்டியவர் யார், அவர் அன்று கடலுக்கோ வெளியூருக்கோ போயிருந்தால் அடுத்தவர் யார் என்பதையும் அப்படத்தின் ஓரத்திலேயே எழுதிவைத்து வருக.